எட்டு ஃபோட்டான்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு நான் ஒரு கருந்துளையைக் கண்டுபிடித்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குள் அது இல்லாமல் போய்விட்டது.

சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கியின் பதிவுகள் கொஞ்ச காலம் கழித்துப் பொதுவில் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பிழைப்புக்கு நான் செய்வது வேறு வேலை. வானியல் எனக்கு ராத்திரிப் பழக்கம். அன்றைக்கு இறக்கியது, ‘சந்திரா தெற்கு ஆழ்புலம்’ என்று சொல்லப்படும் வானத்துண்டின் ஒரு பதிவு. ஒரு நாளைக்குச் சற்று அதிகமாக அந்தத் தொலைநோக்கி கண் கொட்டாமல் அந்த இடத்தையே பார்த்த பதிவு.

அந்தக் கோப்பைத் திறந்தால் படம் எதுவும் இருக்காது. அட்டவணைதான் இருக்கும். வரிக்கு ஒரு ஃபோட்டான், அதாவது ஓர் ஒளித்துகள்: எந்த நொடியில் வந்தது, கேமராவின் சிலிக்கான் சில்லில் எந்தப் பிக்சலில் விழுந்தது, வானத்தில் அது எந்த இடம், ஆற்றல் எவ்வளவு. படம் என்பது அப்புறம் நாமாகச் செய்துகொள்வது. நான் செய்துகொண்ட படத்தில், வெளியான பட்டியலில் இல்லாத ஓர் இடத்தில் எட்டு ஃபோட்டான்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. அவ்வளவு நேரப் பதிவில் ஒரு பிக்சலில் தற்செயலாக ஒரே ஒரு ஃபோட்டான் விழுவதே அபூர்வம். இப்படித் தெரியும் எக்ஸ்ரே புள்ளிகளில் பெரும்பாலானவை, வாயுவைத் தின்று ஒளிரும் கருந்துளைகள். எட்டு என்றால் தூக்கம் வருமா?

துறையில் இருக்கும் பெரியவர் ஒருவரைக் காலையில் போனில் பிடித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “தம்பி, எட்டுக்கும் நேரம் என்ன போட்டிருக்குன்னு பார்த்தீங்களா?” என்றார். பார்க்கவில்லை. பார்த்தேன். எட்டும் அரை நிமிடத்துக்குள் வந்திருந்தன. அந்தச் சில் 3.2 நொடிக்கு ஒருமுறை வாசிக்கப்படுகிறது. என் எட்டு ஃபோட்டான்களும் அடுத்தடுத்த எட்டு வாசிப்புகளில், சில்லின் அதே ஒரு பிக்சலில், ஏறக்குறைய ஆற்றல் இறங்குமுகமாக. அண்டக்கதிர்த் துகள் ஒன்று சிலிக்கானில் மோதியிருக்கிறது. அது விட்டுப்போன மின்னூட்டம் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாசிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. சந்திரா வேண்டுமென்றே லேசாக அசைந்தாடிக்கொண்டே பார்ப்பதால், வானத்தில் நிஜமாக இருக்கும் பொருளின் ஒளி சில்லில் ஒரே பிக்சலில் நிற்காமல் அலையும். என்னுடையது அசையவே இல்லை. இந்த மாதிரிக் கசடுகளையெல்லாம் களைந்த கோப்பு பக்கத்திலேயே இருந்தது. நான் அதற்கு முந்தைய நிலைக் கோப்பை இறக்கியிருந்தேன்.

“பரவாயில்லை, எல்லாரும் ஒருமுறை கண்டுபிடிக்கறதுதான்” என்றார். ஆறுதலா கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தக் காலைக்குப் பிறகு ஆழமான எக்ஸ்ரே ஆய்வுகளைப் பற்றி எதை வாசித்தாலும் என் கண் ஒரே சொல்லில் போய் நிற்கிறது: பின்னணி. எது பொருள், எது பின்னணி? இந்தத் துறை பிறந்ததே அந்தக் கேள்வியோடுதான்.

1962 ஜூன் மாதம். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் வொயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து ஓர் ஏரோபீ ராக்கெட் கிளம்பியது. இயற்பியலாளர் ரிக்கார்டோ ஜியாக்கோனியும் கூட்டாளிகளும் அதில் எக்ஸ்ரேயை எண்ணும் கைகர் கருவிகளை வைத்து அனுப்பியிருந்தார்கள். எக்ஸ்ரே காற்றைத் தாண்டித் தரைக்கு வராது என்பதால் மேலே போய்த்தான் பார்த்தாக வேண்டும். வெளியில் சொன்ன நோக்கம், சூரியனின் எக்ஸ்ரே பட்டு நிலா ஒளிர்கிறதா என்று பார்ப்பது. வேலைக்கு ஆகும் உயரத்தில் ராக்கெட் இருந்தது ஆறு நிமிடத்துக்கும் குறைவு. நிலா தென்படவில்லை. அதற்குப் பதில் விருச்சிகத்தின் பக்கம் யாரும் எதிர்பாராத பிரகாசத்தில் ஒரு பொருள் தெரிந்தது. ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சூரியக் குடும்பத்துக்கு வெளியே கிடைத்த முதல் எக்ஸ்ரே மூலம் அது. ஜியாக்கோனிக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த ஆறு நிமிடம்தான் தொடக்கம்.

எனக்குப் பிடித்தது அந்த ராக்கெட்டின் பதிவிலேயே இருக்கும் இன்னொரு சமாச்சாரம். ராக்கெட் சுழன்று எந்தத் திசையைப் பார்த்தாலும் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கவே இல்லை. எல்லாத் திசையிலும் மெல்லிய, சீரான ஒரு எக்ஸ்ரே ஒளி. அண்ட எக்ஸ்ரே பின்னணி என்றார்கள். நம் எல்லோருக்கும் தெரிந்த, பெருவெடிப்பின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணி 1965இல்தான் வந்தது. அதற்கு மூன்று வருடம் மூத்தது இது. தம்பிக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட அண்ணனுக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஒளி எங்கிருந்து வருகிறது? இரண்டு கட்சி. ஒரு கட்சி: கேலக்ஸிகளுக்கு இடையே பரவிக் கிடக்கும் படுசூடான வாயு ஒளிர்கிறது. இன்னொரு கட்சி: கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து மங்கலாகத் தெரிகின்றன. 1977இல் ஏவப்பட்ட ஹியோ-1 செயற்கைக்கோள் பின்னணியின் நிறமாலையை, அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு ஒளி வருகிறது என்பதை, அளந்தபோது முதல் கட்சி ஜெயித்துவிட்டது போலவே இருந்தது. 40 கோடி டிகிரிக்கும் மேலான வாயு ஒளிர்ந்தால் எந்த வளைவு வருமோ, அளவுகள் அச்சு அசலாக அந்த வளைவில் உட்கார்ந்தன. போதாததற்கு, அதுவரை தெரிந்த குவாசார்களின் (தின்னும் கருந்துளையால் பிரகாசிக்கும் கேலக்ஸி நடுப்பகுதிகளின்) நிறமாலை இதோடு ஒத்துப்போகவில்லை. அவற்றில் குறைந்த ஆற்றல் கதிர்கள் அதிகம், பின்னணியில் அப்படி இல்லை. குவாசார்களை எத்தனை கூட்டினாலும் இந்தப் பின்னணி வராது.

இவ்வளவு அழகாகப் பொருந்திய ஒரு வளைவு முழுப் பொய் என்பதை நான் அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்வது உண்டு. 1989 நவம்பரில் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோள் நுண்ணலைப் பின்னணியை அளந்து, அது ஒரே வெப்பநிலையில் இருக்கும் பொருள் தரும் குறையில்லாத கரும்பொருள் நிறமாலை என்று காட்டியது. பிரபஞ்சம் முழுக்க அத்தனை சூடான வாயு நிறைந்திருந்தால், நுண்ணலை ஃபோட்டான்கள் அதற்குள் புகுந்து வரும்போது உதைபட்டு அந்த நிறமாலை கோணியிருக்கும். கோணலே இல்லை. ஆகவே வாயுவும் இல்லை. எக்ஸ்ரே வழக்குக்குத் தீர்ப்பு நுண்ணலை நீதிமன்றத்தில் வந்தது.

குவாசார் கணக்கு ஏன் இடித்தது என்பதற்கும் விடை கிடைத்தது. நமக்குத் தெரிந்தவை திறந்த வெளியில் எரியும் குவாசார்கள் மட்டுமே. பெரும்பாலான கருந்துளைகள் தூசும் வாயுவும் மூடிய நிலையில்தான் தின்கின்றன. அந்தப் போர்வை குறைந்த ஆற்றல் எக்ஸ்ரேயை விழுங்கிவிடும், அதிக ஆற்றல் கதிர்களைத் தாண்ட விடும். மூடியவற்றையும் மூடாதவற்றையும் சரியான விகிதத்தில் கலந்தால் பின்னணியின் வடிவம் வந்துவிடுகிறது. 30 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றலுக்குப் பக்கத்தில் அதற்கு இருக்கும் மேடு உட்பட. ஜியான்கார்லோ செட்டியும் லோடவைக் வோல்ட்யரும் 1989இலேயே இதைச் சொல்லியிருந்தார்கள். ஆனால் சொல்வது வேறு, புள்ளிகளை ஒவ்வொன்றாகக் காட்டுவது வேறு.

காட்டும் வேலை படிப்படியாக நடந்தது. எக்ஸ்ரேயைக் குவிக்க சாதாரண ஆடி உதவாது; நேராக விழுந்தால் ஆடிக்குள்ளேயே புகுந்துவிடும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைப் படுக்கையாக வீசினால் தண்ணீரில் தத்திப் போகிறது இல்லையா, அந்த மாதிரி மிகச் சாய்ந்த கோணத்தில் வந்தால் மட்டுமே எக்ஸ்ரே தெறிக்கும். அதனால் இந்தத் தொலைநோக்கிகளின் ஆடிகள் கிண்ணம் போல இல்லாமல், ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்கள் போல இருக்கும். 1978இல் போன ஐன்ஸ்டைன் தொலைநோக்கி இப்படிப் படம் எடுத்து, பின்னணியில் கால் பங்கு தனித்தனிப் புள்ளிகள் என்று காட்டியது. 1990இல் போன ஜெர்மனியின் ரோசாட், குறைந்த ஆற்றல் பகுதியில் முக்கால் பங்குக்குப் பக்கமாகப் பிரித்துக் காட்டியது.

அதே ரோசாட் 1990 ஜூனில் நிலாவையும் படம் எடுத்தது. 28 வருடத்துக்கு முன் ராக்கெட் தேடிப் போன அதே நிலா. சூரிய ஒளி பட்ட பாதி எக்ஸ்ரேயில் ஒளிர்ந்தது. இருண்ட பாதி, சுற்றியிருந்த வானத்தைவிடக் கருப்பாக இருந்தது. பின்னால் இருக்கும் எக்ஸ்ரே பின்னணியை நிலா மறைத்துக்கொண்டு நிற்கிறது. வானம் ஒளிர்கிறது, அதன் முன்னால் நிலா ஒரு கரும்பொட்டு. இந்தத் துறையில் ஒரே ஒரு படத்தை மாட்டி வைக்கலாம் என்றால் நான் இதைத்தான் மாட்டுவேன்.

சந்திரா 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் போனது. பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகருக்காக. நண்பர்கள் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நிலாவைத் தேடப் போய்த் தொடங்கிய ஒரு துறையின் மிகக் கூர்மையான கண்ணுக்கு நிலாவின் பெயரே அமைந்தது யாரும் திட்டமிட்டதில்லை. நான்கு ஜோடி ஆடிக் குழாய்கள், மேலே இரிடியம் பூச்சு, பத்து மீட்டர் குவியத் தூரம். இத்தனை இருந்தும் ஃபோட்டானைப் பிடிக்கும் பரப்பு ஓர் ஏ4 தாள் அளவுக்கு மேல் தேறாது. அதன் பலம் கூர்மையில் இருக்கிறது: அரை ஆர்க்நொடி, அதாவது ஒரு டிகிரியில் 7,200இல் ஒரு பங்கு. ஒரு மூலத்தின் ஃபோட்டான்கள் எல்லாம் இரண்டு மூன்று பிக்சலுக்குள் குவிந்துவிடுகின்றன. அவ்வளவு சிறிய இடத்தில் பின்னணியும் கொஞ்சம்தான் விழும். ஆகவே விரல்விட்டு எண்ணக்கூடிய ஃபோட்டான்களை வைத்தே ‘இங்கே ஒன்று இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். சொல்வதற்கு முன் நேரத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தெற்கு ஆழ்புலம் உலை என்ற தெற்கு விண்மீன் குழுவில் இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றும் இல்லை, அதற்காகவே தேர்ந்தெடுத்தார்கள். நம் பால்வெளியின் ஹைட்ரஜன் அந்தத் திசையில் மிக மெல்லியதாக இருப்பதால் தொலைவிலிருந்து வரும் குறைந்த ஆற்றல் கதிர்களும் தப்பி வரும். ஜன்னலில் திரை விலகிய ஓர் இடுக்கு மாதிரி. முதலில் 10 லட்சம் நொடி பார்த்தார்கள். அப்புறம் 20 லட்சம், 40 லட்சம், கடைசியில் 2016 மார்ச்சில் 70 லட்சம் நொடி. கூட்டினால் 81 நாள். 1999இலிருந்து 102 தனித்தனிப் பதிவுகளாகச் சேர்த்தது. சந்திரா பூமியை நீள்வட்டத்தில் 64 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடக்கும்போது கருவிகளைப் பத்திரமாக ஒதுக்கி வைக்க வேண்டும். மற்றவர்களின் வேலைகளும் வரிசையில் நிற்கும். அதனால்தான் 81 நாளைச் சேர்க்க 16 வருடத்துக்கு மேல் ஆனது.

கிடைத்தது 1,008 மூலங்கள். முழுநிலாவில் மூன்றில் இரண்டு பங்கு பரப்புக்குள். அவற்றில் 70 சதவீதம் போலத் தின்றுகொண்டிருக்கும் ராட்சதக் கருந்துளைகள். மற்றவை பெரும்பாலும் சாதாரணக் கேலக்ஸிகள், அவற்றில் இருக்கும் இரட்டை விண்மீன்களின் எக்ஸ்ரே மொத்தமாகத் தெரிகிறது. புலத்தின் நடுவில், கூர்மை அதிகமுள்ள இடத்தில், கருந்துளைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று கணக்குப் பார்த்தால், அதே நெருக்கத்தில் முழுநிலாவுக்குள் 5,000 அடங்கும். முழு வானத்துக்கு 100 கோடி. இந்த வானத்துண்டை ஹப்பிள் தொலைநோக்கியும் பார்த்திருக்கிறது, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் பார்த்திருக்கிறது, ஆகவே எந்த எக்ஸ்ரே புள்ளி எந்தக் கேலக்ஸி என்று கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் சொல்ல முடிகிறது. 1962இல் எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்கு இறங்க விடாமல் வைத்திருந்த அந்த மெல்லிய ஒளியில், சந்திரா பார்க்கும் ஆற்றல்களில் 80 சதவீதத்துக்கும் மேல் இப்போது முகவரியோடு இருக்கிறது.

இந்தப் பட்டியல்களை வைத்து ஒரு வரவு செலவு போடலாம். கருந்துளை தின்னும் பொருளின் நிறையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒளியாக வெளியேறுகிறது, மீதி உள்ளே போகிறது. பிரபஞ்ச வரலாறு முழுக்க வெளியான ஒளியைக் கூட்டினால் இன்றைக்குக் கேலக்ஸிகளின் நடுவில் எவ்வளவு கருந்துளை நிறை இருக்க வேண்டும் என்று வந்துவிடும். போலந்தைச் சேர்ந்த ஆண்ட்ரே சொல்டான் 1982இல் போட்டுக் காட்டிய வழி இது. மூடிய கருந்துளைகளையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு ஓரளவு நேராகிறது.

எதிர்பாராத ஒன்றும் வந்தது. சிறியவை முதலில், பெரியவை பிற்பாடு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆய்வுகள் காட்டியது தலைகீழ்: மிகப் பிரகாசமாகத் தின்றவை 1,000 கோடி வருடத்துக்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிட்டன, மிதமாகத் தின்பவை 800 கோடி வருடத்துக்கு முன்புதான் உச்சத்துக்கு வந்தன. பெருந்தீனிக்காரர்கள் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள்.

ஆழமாகப் பார்ப்பதற்கு நேர் எதிர் வழி அகலமாகப் பார்ப்பது. 2019இல் போன இரோசிட்டா என்ற எக்ஸ்ரே தொலைநோக்கி அதைச் செய்தது. பாதி வானத்தில் சுமார் 9 லட்சம் மூலங்கள் கொண்ட பட்டியல் 2024 ஜனவரியில் வந்தது. கருவி ஜெர்மனியுடையது, ஏறிப்போன வாகனம் ரஷ்யாவுடையது. உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 பிப்ரவரியில் அதை உறங்க வைத்துவிட்டார்கள். நன்றாக ஓடிய ஒரு கருவி தரையில் நடந்த காரணத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இது ஆறவே இல்லை. சரி, அகலக் கதை இன்னொரு நாளைக்கு.

81 நாள் பார்த்தும் தனியாகத் தெரியாதவை இருக்குமே, அவற்றை என்ன செய்வது? அடுக்கிப் பார்ப்பது ஒரு தந்திரம். ஹப்பிள் படத்தில் இருநூறு தொலைதூரக் கேலக்ஸிகளின் இடம் தெரியும். அந்த இருநூறு இடங்களிலும் எக்ஸ்ரே படத்தை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கூட்ட வேண்டும். தனித்தனியாக அரை ஃபோட்டான் தந்தாலும் கூட்டினால் தெரியவேண்டும்.

2011இல் நேச்சர் இதழில் இப்படி ஒரு முடிவு வந்தது. பிரபஞ்சத்துக்கு 100 கோடி வயதுகூட ஆகாத காலத்துக் கேலக்ஸிகளை அடுக்கியதில் தெளிவான எக்ஸ்ரே சமிக்ஞை தெரிகிறது, அந்தக் கேலக்ஸிகளில் தூசும் வாயுவும் போர்த்திக்கொண்டு வளரும் கருந்துளைகள் இருக்கின்றன என்றது கட்டுரை. கொஞ்ச காலத்திலேயே வேறு குழுக்கள் அதே வானத்தை அடுக்கிப் பார்த்தன. ஒன்றும் இல்லை. கோளாறு பின்னணியைக் கழித்த விதத்தில் இருந்தது. பின்னணியை அளக்கும்போது, விதிவிலக்காக உயர்ந்து நிற்கும் பிக்சல்களை ஒதுக்கிவிட்டுச் சராசரி எடுப்பது வழக்கமான முறை. ஆயிரக்கணக்கில் ஃபோட்டான் விழும் படத்தில் அது சரி. இங்கே முக்கால்வாசிப் பிக்சல்கள் பூஜ்யம், அங்கங்கே ஒன்று. அந்த ஒன்றுகளை ‘விதிவிலக்கு’ என்று ஒதுக்கினால் பின்னணி நிஜத்தைவிடக் குறைவாக வரும். குறைவாகக் கழித்தால் மிச்சம் சமிக்ஞை மாதிரித் தெரியும்.

இதைப் படித்தபோது என் எட்டு ஃபோட்டான் வெட்கம் பாதி கரைந்தது. தேர்ந்தவர்கள், நல்ல கருவி, நல்ல இதழ். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் வழுக்கிவிட்டார்கள். பிழை அவ்வளவு வேகமாக வெளிவந்ததற்குக் காரணம், பதிவுகள் எல்லோருக்கும் கிடைத்ததுதான்.

ஆரம்பகாலக் கருந்துளைகள் இருக்கும் இடத்துக்கு வேறு வழியில் போனார்கள். ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கூட்டத்தின் ஈர்ப்பு, பின்னால் இருப்பதை உருப்பெருக்கிக் காட்டும். அதன் வழியாக ஜேம்ஸ் வெப் கண்ட ஒரு கேலக்ஸி, யுஹெச்இசட்1. பெருவெடிப்புக்கு 47 கோடி வருடம் கழித்து இருந்தது. ஆக்கோஸ் போக்டானும் குழுவினரும் இரண்டு வாரம் போல சந்திராவை அந்தப் பக்கம் வைத்துப் பார்த்து, அதிலிருந்து எக்ஸ்ரே வருகிறது என்று 2023 நவம்பரில் அறிவித்தார்கள். இருபது சொச்சம் ஃபோட்டான், ஈர்ப்பு வில்லை நான்கு மடங்கு பெருக்கிய பிறகு. கருந்துளையின் நிறை ஒரு கோடியிலிருந்து பத்துக் கோடி சூரியன் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். வெளியேறும் ஒளியின் அழுத்தம் உள்ளே விழும் வாயுவைத் தள்ளுவதால் கருந்துளை தின்னும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பிலேயே ஓயாமல் தின்றால் நிறை இரட்டிக்க சுமார் 3.5 கோடி வருடம் ஆகும். முதல் தலைமுறை விண்மீன் ஒன்று செத்து 100 சூரிய நிறையில் கருந்துளை விட்டுப்போனது என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டரைக் கோடி சூரியன் ஆக 18 முறை இரட்டிக்க வேண்டும். பதினெட்டு மூன்றரை, 63 கோடி வருடம். பிரபஞ்சத்துக்கே அப்போது வயது 47 கோடி. இடிக்கிறது. ஒன்று, வரம்பை மீறித் தின்றிருக்க வேண்டும்; இல்லை, பிறக்கும்போதே பெரிதாகப் பிறந்திருக்க வேண்டும். பெரிய வாயு மேகம் ஒன்று விண்மீன் ஆகாமல் நேரே நொறுங்கி, 10,000 அல்லது ஒரு லட்சம் சூரிய நிறையில் கருந்துளை ஆகலாம் என்ற கருத்தைப் பல வருடமாக முன்வைத்து வருபவர்களில் ஒருவர் பிரியம்வதா நடராஜன். அப்படிப் பிறந்தவை இருந்தால் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். யுஹெச்இசட்1 ஏறக்குறைய அப்படியே இருக்கிறது என்கிறார்கள். எனக்கும் நம்ப ஆசைதான். இருபது ஃபோட்டானை வைத்து எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு.

இப்போது துறையைக் குடைந்துகொண்டிருப்பது சிவப்புப் புள்ளிகள். ஜேம்ஸ் வெப் படங்களில் சின்னதாக, கச்சிதமாக, அடர்சிவப்பாகத் தெரியும் இவற்றின் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் அகலமாக இருக்கின்றன. வாயு நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுழல்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் கருந்துளை இருந்தால்தான் அந்த வேகம் வரும். சரி, ஆழ்புலங்களில் விழும் சிவப்புப் புள்ளிகளை சந்திராவின் படத்தில் தேடு என்றால், பெரும்பாலானவை அங்கே இல்லவே இல்லை. அடுக்கிப் பார்த்தாலும் எதிர்பார்த்ததில் சொற்பம்கூடத் தேறவில்லை. எக்ஸ்ரேயில் தெரியாத கருந்துளையா? மிக அடர்த்தியான வாயு போர்த்தி எல்லாவற்றையும் விழுங்குகிறது என்கிறார்கள் ஒரு சாரார். வரம்பை மீறித் தின்னும்போது எக்ஸ்ரே பிறக்கும் இடமே பலவீனமாகிவிடும் என்கிறார்கள் இன்னொரு சாரார். நிறையையே அதிகமாகக் கணித்துவிட்டோம் என்பவர்களும் உண்டு. மூடிக் கிடக்கும் கருந்துளைகளை எட்டிப் பார்க்க எக்ஸ்ரேயைவிட நல்ல வழி இல்லை என்று இருபது வருடமாகச் சொல்லி வந்தவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான நிலைமை.

போன மாதம் மறுபடி கோப்பை இறக்கினேன். இந்தத் தடவை சுத்தம் செய்தது, 102 பதிவுகளும். வெளியான ஒரு பட்டியலிலிருந்து புலத்தின் நடுவில் விழும் சில சிவப்புப் புள்ளிகளின் இடங்களை எடுத்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு சின்ன வட்டம் போட்டு எண்ணினேன். பக்கத்தில் ஒன்றுமில்லாத வானத்திலும் அதே அளவு வட்டங்கள் போட்டு எண்ணினேன். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு வட்டத்தில் மட்டும் இரண்டு ஃபோட்டான் கூடுதலாக இருந்தது. நேரத்தைப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒன்பது வருடம் இடைவெளி. பெரியவருக்கு இன்னும் போன் போடவில்லை.